நிலுவை

பதினோரு நாள் நின்றது கப்பல்.
கைக்கு எட்டியது என்று சொல்லமாட்டேன்,
கண்ணுக்கு எட்டியது.
செப்டம்பர் இருட்டில் அதன் விளக்குகளை எண்ணலாம், ஒன்பது.
ஒன்று மட்டும் அணைந்து அணைந்து எரிந்தது.

கூட்டுறவுக் கடையில் சரக்குக் கணக்கு என் வேலை.
எந்தப் பெட்டகத்தில் யாருக்கு என்ன என்று
ஊரில் எனக்குத்தான் தெரியும்.
அதனால் எல்லாரும் என்னையே பார்த்தார்கள்,
கப்பலை நான்தான் அங்கே கட்டிப்போட்டது போல.

மாவு, நூற்று அறுபது மூட்டை.
பள்ளிக்கூடத்துக் கொதிகலனுக்கு ஒரு பம்ப்.
அலாசுவாக் வீட்டுக்கு ஒரு ஜன்னல்
(பழையது போன குளிரில் உடைந்தது,
அட்டையும் கம்பளியும் இப்போது ஜன்னல்).
உவிலுக்குக்கு ஒரு தொட்டில்,
வயிறு தெரியாத நாளிலேயே பணம் கட்டியது.
சவப்பெட்டிப் பலகை, ஆறு பேருக்கு.
எந்த ஆறு பேர் என்று பட்டியலில் இல்லை.

வடமேற்குக் காற்று
பழைய பனிப்பாளங்களை நீரிணைக்குள்
தள்ளிக்கொண்டே இருந்தது,
கதவுக்கு முட்டுக் கொடுப்பதுபோல.
கரையில் சரக்குத்தூக்கி ஓட்டும் பிலிப்பூசி
தினமும் காலை ஆறு மணிக்கு இயந்திரத்தைச் சூடாக்கினான்.
டீசல் வீண் என்றார்கள்.
ஏழாம் நாளோடு நிறுத்தினான்.
எட்டாம் நாளும் ஆறு மணிக்கு வந்து
அணைந்த வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தான்.

பன்னிரண்டாம் நாள் காலை கடல் காலி.
மின்னஞ்சல் மதியம்தான் வந்தது.
எஞ்சிய சரக்கு அடுத்த பருவத்தில், என்றிருந்தது.
அடுத்த பருவம்:
அவர்களுக்கு இரண்டு சொல்.
எங்களுக்குப் பதினோரு மாதம்,
நடுவே இரண்டு மாதம் சூரியனும் கிடையாது.

பறக்கக்கூடியவை பறந்து வந்தன.
பால்மாவு. இன்சுலின். டயப்பர்.
சிமெண்ட் பறக்காது.
ஜன்னல் பறக்கும், ஆனால்
ஜன்னலைவிட அதன் டிக்கெட் விலை அதிகம்.
டயப்பர் பெட்டிமேல் விலைச்சீட்டை ஒட்டிவிட்டு
உள்ளறைக்குப் போய்விட்டேன்,
யாரோ அதைப் படிக்கும் முகத்தைப் பார்க்க வேண்டாமென்று.

தெற்கிலிருந்து ஒரு நிருபர் போனில் கேட்டாள்:
பட்டினியா?
இல்லை, சீல் இருக்கிறது என்றேன்.
சீல் எந்தக் கப்பலுக்கும் காத்திருப்பதில்லை.
ஆனால் சீலிடம் போகப் படகு வேண்டும்,
படகுக்குப் பெட்ரோல்,
வீட்டுக்கு வாரம் இருபது லிட்டர்தான் என்று
கடை வாசலில் எழுதி ஒட்டியதும் நான்தான்.
மறுமுனையில் பேனா நின்றது கேட்டது.
பட்டினி என்றிருந்தால்
அவளுக்கு எழுத எளிதாக இருந்திருக்கும்.

டிசம்பரில் அதே நீரிணை இறுகிப் பாதையானது.
கப்பலை மறித்த பனிமேல்
ஸ்கிடூவில் போனோம் நானும் பிலிப்பூசியும்.
ஓரிடத்தில் நிறுத்தி,
இங்கேதான் நின்றது என்றான்.
எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.
பூட்ஸால் இரண்டு தட்டுத் தட்டினான்.
துளை போட்டுத் தூண்டில் விட்டோம்.
எதுவும் கடிக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் இரண்டு பேரை
பள்ளிக்கூட அலமாரிக் கதவுகளில் அனுப்பினோம்.
ஒரு கதவின் உள்பக்கம்
யாரோ பிள்ளை எழுதிய பெருக்கல் வாய்ப்பாடு இருந்தது,
ஏழாம் வாய்ப்பாடு.
அழிக்க வேண்டாம் என்றாள் அவர் மனைவி.

ஆகஸ்டில் கப்பல் வந்தது,
சொன்ன தேதிக்கு நான்கு நாள் முன்பே,
யாரும் தயாராக இல்லாத ஒரு மதியத்தில்.
பிலிப்பூசி சாப்பாட்டுக் கையோடு ஓடினான்.
மாவு வந்தது. ஜன்னல் வந்தது, ஒரு மூலை விரிசலோடு.
பலகை வந்தது, ஆறு பேருக்கும்.

தொட்டிலை உவிலுக் கரையிலேயே பிரித்தாள்.
மீன்பெட்டியில் தூங்கி வளர்ந்த அவள் மகன்
உள்ளே வைத்தால் கத்தினான்.
இறக்கிவிட்டதும் வெளியே நின்று
கம்பியைப் பிடித்துக்கொண்டு,
கூழாங்கல்மேல் அதைத் தள்ளித் தள்ளி
தண்ணீர்ப் பக்கமாக நடக்க ஆரம்பித்தான்.

அவள் அவன் பின்னால் ஓடினாள்.
நான் பேனாவைத் தேடினேன்,
இங்கே ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ என்று.