முப்பத்தோராம் எழுத்து

முதல் கோடையில் முப்பது ஒலிகளை எண்ணினேன்.
இரண்டாம் கோடையில் இன்னொன்று கிடைத்தது:
கெண்டி கொதிக்கப்போகுமுன் விடும் மூச்சைப்போல
மெல்லிய சீழ்க்கை.
அவர்கள் மொழியின் 'வா'வில் அது இருந்தது,
'வலை'யில், 'நேற்று' என்பதில்.
உலகில் வேறெங்கும் இல்லையென்று
பன்னிரண்டு பக்கம் எழுதினேன்.
டோம்ஸ்கில் கைதட்டினார்கள்.

யெவ்சேய்க்கு டீசல் நிலையத்தில் வேலை.
யெனிசேய் உறைந்தால்
நாற்பது வீட்டு விளக்கும் அவர் கையில்.
"பிழையாகச் சொன்னால் திருத்த ஆளில்லை,
நான் சொல்வதெல்லாம் சரி" என்று சிரிப்பார்.
பிறகு, சிரிக்காமல்,
"அதுதான் பயம்."
முழங்கைக்கு என்ன சொல் என்று கேட்டேன்.
பகல் முழுக்க யோசித்து
இரவு பத்தரைக்குக் கதவைத் தட்டிச் சொன்னார்.
மறுநாள்,
அது முழங்காலாகவும் இருக்கலாம் என்றார்.
"இரண்டையும் எழுதிக்கொள்."

மூன்றாம் கோடை
துருகான்ஸ்க் ஆஸ்பத்திரியில் பல் கட்டிக்கொண்டு
படகிலிருந்து இறங்கினார்.
ஒலிவாங்கியை வைத்தேன்.
'வா' என்றார். சீழ்க்கை இல்லை.
'வலை', இல்லை. 'நேற்று', இல்லை.
வெறும் ஸகரம்.
கடைக்காரி சில்லறை எண்ணும்போது வருகிற
அதே ரஷ்ய ஸகரம்.
பல் போனால் சொல் போகும் என்பார்கள்.
இங்கே பல் வந்தது, சொல் போனது.

"படகு மோட்டார் அடித்தது. முன்பல் இரண்டு.
தொண்ணூற்றெட்டில்.
நீதான் கேட்கவேயில்லையே."

திருத்திய படியில் முப்பது எழுத்துகள்தாம்.

மார்ச்சில் அவர் போய்விட்டதாக
அஞ்சலகத்து ஸினாயிதா தொலைபேசியில் சொன்னாள்.
ஜெனரேட்டரை இனி யார் பார்ப்பது என்று
ஊரில் ஒரே சண்டையாம்.

ஜூனில் போனேன்.
கவிழ்த்த படகின் அடியில் புரான்,
ஐந்து வயது நாய்,
குட்டியிலிருந்தே அந்த ஒரு வாய்க்குப் பழகியது.
புதுப் பல்லைக் கட்டிக்கொண்டு அவர் கூப்பிட்டால்
வருவதில்லை என்று,
நாயை அழைக்கும்போது மட்டும்
கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வாராம்.
இதையும் ஸினாயிதாதான் சொன்னாள்.

அகராதிப்படி 'வா' என்றேன்.
வால் ஒரு கொசுவை ஓட்டியது, அவ்வளவுதான்.

யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு
கீழுதட்டை உள்ளே மடித்து
பல்லிடுக்கில் காற்றை விட்டு
இன்னொரு முறை.

ஒரு காது எழுந்தது.

வரவில்லை.
படகுக்கடியில் படுத்தபடியே
அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தது.