மூன்றாம் ஞாயிறு வகுப்பு

பீடோங் கூட்டுறவுக் கட்டடத்தின் மேல்மாடி.
ஆளுக்கு ஐந்து வெள்ளி, நாசி லெமாக்கும் அதில் அடக்கம்.
போன மாதம் இருபத்திரண்டு பேர். இன்று பதினேழு.
ஐந்து பேரைத் தீபாவளிக்கு முந்தைய ஓவர்டைம்
தின்றுவிட்டது.

நான் மொழிபெயர்ப்பவன்.
டாக்டர் நூர் ஹிதாயா மலாயில் பேசுவார்,
நான் தமிழில் சொல்வேன்.
பாதிப் பேருக்கு என் தமிழைவிட
அவர் மலாய் நன்றாகப் புரியும்.
இருந்தாலும் நான் முடிக்கும்வரை காத்திருந்து
பிறகுதான் தலையாட்டுவார்கள்.

இன்றைய பாடம் இரும்பு.
மண்ணில் சுட்ட குழாய், மாதிரிதான்,
முழங்கை நீளம், நடுவே துளை,
வரிசை வரிசையாகக் கைமாறி வந்தது.
உலைக்குள் காற்று போன வழி என்றார்.
காற்று போன வழி என்றேன்.
லாரி ஓட்டும் இருதயநாதன்
ஒரு கண்ணை மூடிக்கொண்டு
அதன் வழியே மின்விசிறியைப் பார்த்தார்.

கண்ணபிரான் எழுந்தார்.
எழுவார் என்று எல்லோருக்கும் தெரியும்.
“கடாரம் நாம் ஜெயித்த ஊர்.
அதை முதலில் சொல்லச் சொல்லுங்கள்.”

நாம்.
இதை மலாய்க்குக் கொண்டுபோக இரண்டு வாசல்.
‘காமி’ என்றால் டாக்டர் தோற்ற பக்கம் நிற்பார்.
‘கித்தா’ என்றால் அவரும் கப்பலில் ஏறி வந்தவர் ஆவார்.
ஒரு விநாடி எச்சில் விழுங்கினேன்.
கித்தா.
மெர்போக்கில் பிறந்த அந்தப் பெண்
புருவத்தை உயர்த்திச் சொன்னார்:
“அப்படியானால் நம்மை நாமேதான் ஜெயித்தோமா?”
இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.
சிரித்தவர்களைக் கண்ணபிரான்
ஒவ்வொருவராகப் பார்த்தார்.

சிரிப்பு அடங்கும் முன்னே பின்வரிசையிலிருந்து பூங்காவனம்:
“ஜெயிச்சது கெடக்கட்டும் சார்.
அந்த உலையை ஊதினது யாரு?
எத்தனை மணிக்குப் பெரட்டு?
நாள் சம்பளமா, காண்டிராக்டா?”
டாக்டர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.
தெரியாது என்றார்.
தெரியாது என்றேன்.
எட்டு மாத வகுப்பில்
நான் தயங்காமல் சொன்ன ஒரே வாக்கியம்.

பூங்காவனம் உட்காரவில்லை.
கையுறை ஃபேக்டரியில் பதினோரு வருஷம்.
“எங்க லைன்ல பீங்கான் கைங்க சார்,
ஆயிரக்கணக்குல, சங்கிலியில தொங்கிக்கிட்டு,
பால்ல முங்கி முங்கி எழுந்திரிக்கும்.
உடைஞ்சதைப் பின்னால கொட்டி வெச்சிருக்கு.
இன்னும் ஆயிரம் வருஷம் கழிச்சு
யாராச்சும் தோண்டினா என்ன எழுதுவாங்க?
இந்த ஊர்க்காரங்க கையைக் கும்பிட்டவங்கன்னு எழுதுவாங்க.
அதுலயும் ஒண்ணு கேளுங்க,
அந்தக் கைக்கு வலது இடது கெடையாது.
எந்தப் பக்கமும் மாட்டிக்கலாம்.
பீடோங்காரனுக்குச் சோத்துக் கை எதுன்னே தெரியலைன்னு
பெரிய புஸ்தகம் போட்டுருவாங்க!”

மேல்மாடி அதிர்ந்தது.
இருதயநாதனுக்குப் புரையேறியது.
கண்ணபிரான்கூட.

டாக்டர் சிரிக்கவில்லை.
குனிந்து வேகமாக எழுதிக்கொண்டிருந்தார்,
“வலது இடது?” என்று என்னிடம் மறுபடி கேட்டு,
தன் இரண்டு உள்ளங்கைகளையும்
மேசைமேல் விரித்துப் பார்த்தார்.
அப்புறம் கேட்டார்:
அந்தக் கைகளில் ஏதாவது குறி உண்டா?
“நம்பர் இருக்கும்,” என்றார் பூங்காவனம்.
“அது எங்க நம்பர் இல்ல. கையோட நம்பர்.”

ஒன்றே கால். கீழே ஃபேக்டரி பஸ் ஹார்ன் அடித்தது.
இரண்டு மணி ஷிப்ட்.
பொட்டலத்தைப் பிரிக்காமலே பைக்குள் திணித்துக்கொண்டு,
மண் குழாயை என் மடியில் வைத்துவிட்டு
இரண்டிரண்டு படியாக இறங்கிப் போனார்.

மூன்று மணிக்குக் கதவைப் பூட்டுமுன்
வருகைத் தாளைச் சரிபார்த்தேன்.
ஆண்டறிக்கைக்கு வேண்டும், மானியத்துக்கும் வேண்டும்.
வந்தவர்கள் பதினேழு.
கையெழுத்து பதினாறு.