முப்பது நாளுக்கு மேற்பட்ட இடைவெளி

படிவத்தின் நான்காம் பக்கம்
என் பத்து வருடங்களைக் கேட்டது.
முப்பது நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருந்திருந்தால்
காரணம் எழுதவும்.
உறுதிசெய்ய ஒருவர் பெயர், தொலைபேசி எண்.

மாட்டிறைச்சி ஆலை, எலும்பு நீக்கும் வரிசை, ஆறு வருடம்.
பள்ளிப் பேருந்து, மூன்று வருடம்.
நடுவில் ஒரு பதினோரு மாதம்.
பேனாவை அங்கே ஊன்றிவிட்டு
சுவரில் தொங்கிய நெப்ராஸ்கா வரைபடத்தைப் பார்த்தேன்.
பிளாட் ஆற்றை விட்டு விலக மனமில்லாமல்
எண்பதாம் எண் சாலை கூடவே போய்க்கொண்டிருந்தது.

"வீட்டில் இருந்தேன்" என்று எழுதினேன்.

ஆர்டித் க்ளாசென் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.
"இருந்ததற்கு யார் சாட்சி?"

திருடியதற்குக் கேட்பார்கள், அடித்ததற்குக் கேட்பார்கள்.
சும்மா இருந்ததற்குமா?
சட்டம், என்றாள்.
இஞ்சி பிஸ்கட் டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள்.

அக்காவோடு அப்போது பேச்சு இல்லை.
பக்கத்து வீடு முக்கால் மைல்,
அதிலும் சோளம்தான் குடியிருந்தது.
நாய் இருந்தது. நாயின் பெயரை எழுத முடியாது.
அந்தப் பதினோரு மாதம் என்ன நடந்தது என்பதை
அங்கே எழுதவில்லை,
இங்கேயும் எழுதப்போவதில்லை.

கடைசியில் எரிவாயு வண்டிக்காரர் ஞாபகம் வந்தார்.
கொல்லையில் கிடக்கும் வெள்ளைத் தொட்டியை
நிரப்பிவிட்டுப் போகிறவர். டெல்வின் ஹ்ருஸ்கா.
ரசீதைக் கதவிடுக்கில் செருகுவார்.
ஒருநாளும் நான் கதவைத் திறந்ததில்லை.

மூன்று நாள் கழித்து ஆர்டித் கூப்பிட்டாள்.
அவர் கைப்பட எழுதியதைத் தொலைபேசியில் வாசித்தாள்:
"ஐந்து முறை போனேன்.
ஐந்து முறையும் திரைச்சீலை அசைந்தது.
பிப்ரவரியில் தொட்டிவரைக்கும் யாரோ பனியை வழித்துவிட்டிருந்தார்கள்,
என் பூட்ஸ் அகலத்துக்கு.
உள்ளே ஆள் இருந்தது."

இது போதும், என்றாள்.
போதுமாம்.

சிறுநீர்க் குப்பியில் மார்வா கூபிக் என்பதில்
ஒரு எழுத்தை விழுங்கியிருந்தார்கள். திருத்தச் சொன்னேன்.
கண் பரிசோதனையில் கடைசி வரியை ஊகித்தேன்.

ஓட்டிக் காட்டும் நாளில் பக்கத்து இருக்கையில்
எஃப்ராயின் தோவார், மடியில் தாள், வாயில் சூரியகாந்தி விதை.
ஐம்பத்து மூன்றடிப் பெட்டியைப் பின்னால் தள்ளி
ஒன்பதாம் கதவோடு சேர்க்க வேண்டும்.
வால் வலப்பக்கம் போக ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடி:
கைக்குத் தெரிகிறது, தலைக்குத்தான் ஏறவில்லை.
கோணல்.
இறங்கிப் போய்ப் பார்த்தேன், ஏறினேன்.
இன்னும் கோணல்.
இறங்கினேன், காற்று தொப்பியைக் கொண்டுபோனது,
அதை எடுக்கப் போகவில்லை, ஏறினேன்.

"நாலு தடவை இறங்கினாய்."
"ஆமாம்."
ஓட்டைப் பேருந்துக்கே திரும்ப வேண்டியதுதான் என்று
மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன்.
"ஒருதடவைகூட இறங்காதவன்தான்
போன மாதம் ஆறாம் கதவைப் பெயர்த்தான்"
என்றபடி தாளில் டிக் அடித்தார்.

திங்களன்று சாவி கொடுத்தார்கள். வண்டி எண் 4417.
முன்பு ஓட்டியவன் இருக்கைக்கடியில் ஒற்றைக் காலுறையையும்
புதினா வாசனையையும் விட்டுப்போயிருந்தான்.
முதல் சரக்கு, அமரில்லோவுக்கு நாய்த்தீனி, இருபது டன்.

டாஷ்போர்டில் ஒரு கருவி.
ஓடினால் எழுதுகிறது, நின்றால் எழுதுகிறது,
படுத்தால் அதையும் எழுதுகிறது, நிமிஷம் தப்பாமல்.
டெல்வினுக்கு வேலை மிச்சம்.

கான்சாஸில், லிபரல் ஊருக்கு வெளியே,
லாரிகள் வரிசையில் எனக்கு ஓர் இடம் கிடைத்தது.
இரண்டு பக்கமும் குளிர்சாதனப் பெட்டிகள் உறுமிக்கொண்டிருந்தன.
படுக்கைக்கு முன்னால் ஒரு திரைச்சீலை,
இரண்டு கொக்கி குறைவு.
இழுத்து மூடிப் படுத்தேன்.

தூக்கம் வரும் நேரத்தில் எழுந்து,
விளக்கைப் போடாமல்,
அதன் ஓரத்தைப் பிடித்து
ஒருமுறை அசைத்தேன்.