காப்பு

வெல்கா தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்:
முன்பு மூன்று மணி நேரம்.
இப்போது பதினொன்று.
காலை ஷிப்ட் வந்த பிறகும் ஓடுகிறது,
பில் போட முடியவில்லை.

லியபாயாவிலிருந்து சால்துஸ் வரை
நவம்பர் மழை, மரம் ஏற்றிய லாரிகளின் முதுகு.
அறுவை ஆலையில் சர்வருக்குக் கொடுத்திருந்த அறை
துடைப்பங்களுக்கும் சொந்தம்.
சர்வர் விடும் வெப்பக் காற்றில்
யாரோ கையுறை காயப்போட்டிருந்தார்கள்.

முதல் சந்தேகம் கேபிள்மேல்.
எப்போதும் அதன்மேல்தான்;
ஏழை சொல் அம்பலம் ஏறாது.
அலமாரிக் காலடியில் நசுங்கித்தான் கிடந்தது, மாற்றினேன்.
பதினொன்று, பத்தரை ஆயிற்று.
அடுத்தது வைரஸ் தடுப்பான்.
நகலாகும் ஒவ்வொன்றையும் வாசலில் நிறுத்தி
மோந்து பார்க்கும் நாய்.
இவன் நம் ஆள், விடு என்று பழக்கினேன்.
ஒன்பதேகால்.
வட்டுகள் நலம்.
நினைவகம் பாதி சும்மா கிடந்தது.

மூன்றாம் இரவு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன்.
கணக்கு மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு
நாற்பது நிமிடம் ஓட்டமாக ஓடினான்.
பிறகு
'முனை' என்றொரு ஃபோல்டருக்குள் நுழைந்தான்,
நொண்டத் தொடங்கினான்.

மடியில் கனமே இல்லை.
எண்ணிப் பார்த்தேன்:
அறுபத்திரண்டு லட்சம் ஃபைல்கள்.
ஒவ்வொரு தடியும் அளவுக் கருவியைக் கடக்கும்போது
அதன் வெட்டுமுகத்தை ஒரு படம்,
எட்டு ஆண்டுகளாக,
ஒன்றுகூடக் கலைக்காமல்.
பாறாங்கல் என்றால் ஒரே தம்மில் தூக்கிவிடலாம்.
இது அவிழ்ந்த கடுகு மூட்டை.
கதவைத் திற, ஒரு கடுகை எடு,
கதவை மூடு, கையெழுத்துப் போடு,
கதவைத் திற.

அழித்துவிடு என்றாள் வெல்கா.
யார் பார்க்கப்போகிறார்கள்?
கதவோரம் நின்றிருந்தார் வில்னிஸ், ரம்பக்காரர்,
காதடைப்பான் கழுத்தில் தொங்க.
அளவு பொய்யென்று காட்டுக்காரன் கோர்ட்டுக்குப் போனால்
உன் முகத்தையா காட்டுவாய், என்றார்.
அவள் சிரிக்கவில்லை. நான் சிரித்துவிட்டேன்.

ஆண்டுக்கு ஒரு பொட்டலமாகக் கட்டினோம்.
சனி, ஞாயிறு, திங்கள் விடியல் வரை.
திங்கள் இரவு: இரண்டு மணி நாற்பது.

அதோடு கிளம்பியிருக்கலாம்.
ஆனால் இந்த எட்டு ஆண்டுகளில்
ஒன்றையாவது திருப்பி எடுத்துப் பார்த்தீர்களா என்றதற்கு
பதில் இல்லை.
இத்தனை இரவு உலை ஏற்றியும்
ஒரு சோறு எடுத்து நசுக்கிப் பார்க்கவில்லை.
ஏதாவது ஒரு நாள் சொல்லுங்கள் என்றேன் வில்னிஸிடம்.
யோசிக்கவே இல்லை.
ஆறு வருஷம் முன்னால், பிப்ரவரி,
பட்டை ரம்பம் அறுந்த செவ்வாய்.

வந்தது.
பைன். கொஞ்சம் நீள்வட்டம்.
நடுவிலிருந்து விரற்கடை தள்ளி
மை கொட்டிய மாதிரி ஒரு கருநீலக் கறை.
இரும்பு, என்றார். சண்டைக் காலத்துச் சில்லு.
இந்தப் பக்கத்துக் காடெல்லாம் அதுதான்.
பல் பறந்து
என் தலைக்கு மேலே சுவரில் போய்க் குத்தியது.
இப்படி ஒரு படம் இருப்பது எனக்குத் தெரியாது.

கறையிலிருந்து வெளிப்பக்கமாக
விரலால் வளையங்களை எண்ணினார்.
திரையெல்லாம் மரத்தூள்.
நாற்பதைத் தாண்டியதும் படம் மங்கியது, விட்டுவிட்டார்.
அவசரமே படவில்லை பார், என்றார்,
என்னிடம் சொன்னாரா தெரியவில்லை.

சங்கு ஊதியது, போய்விட்டார்.
வெல்கா என் பில்லைக் கேட்டாள்.
மூன்று ஃபைல்கள் தவிர்க்கப்பட்டன என்று
அறிக்கையின் அடியில் ஒரு வரி.
எந்த மூன்று என்று இன்னும் பார்க்கவில்லை.