நூற்று இருபத்தெட்டு

ஒன்பதுக்குக் கரண்ட் வந்தது. ஒரு மணிக்குப் போகும்.
அதுவரைக்கும்தான்
இருபத்தொன்பதாம் தெருவில் எனக்குக் கடை.

ஐந்தாம் மாடியிலிருந்து கயிறு இறங்குகிறது.
நுனிக் கிளிப்பில் ஒரு நெகிழிப் பை,
பைக்குள் கன்சோல், துண்டுச் சீட்டு:
"அண்ணே, கஸ்டம் ஃபர்ம்வேர் ஏறமாட்டேங்குது.
லோகோ வருது. கறுப்பாகுது. திரும்ப லோகோ."
வீட்டில் அவன் வைரவன்.
குடும்பப் பதிவேட்டில் ஜோ மின்.
பிப்ரவரிக்குப் பிறகு அவன் படியிறங்கி நான் பார்க்கவில்லை.

முதலில் கார்டின் ஃபார்மட்டைக் குறை சொன்னேன்.
எக்ஸ்ஃபேட். அழித்து ஃபேட் முப்பத்திரண்டாக்கினேன்.
லோகோ. கறுப்பு.
அப்புறம் பதிப்பு பொருந்தவில்லை என்று நினைத்தேன்,
கன்சோலில் இருப்பது புதுசு
அவன் ஏற்றப் பார்த்தது போன வருஷத்தது.
புதியதை இறக்க விபிஎன் வேண்டும்,
விபிஎன் இருப்பது தெருமுனைச் சோதனையில் தெரியக் கூடாது.
எழுபது எம்பிக்கு ஐம்பது நிமிஷம்.

இந்தத் தடவை ஊதா நிறத்தில் பிழைச் செய்தி.
எனக்கோ சந்தோஷம்.
கறுப்போடு என்ன பேசுவது,
நம்பர் போட்டுத் திட்டுகிறவனிடமாவது பேசிப் பார்க்கலாம்.
கோப்பு சிதைந்திருக்கிறது என்றது.
மறுபடி நகலெடுத்தேன், மறுபடி சிதைந்தது,
வேறொரு கோப்பு.

கார்டைச் சந்தேகப்பட அப்போதுதான் தோன்றியது.
மேலே தங்க எழுத்தில் நூற்று இருபத்தெட்டு.
முழுக்க எழுதி முழுக்கப் படித்துப் பார்த்தால்
எட்டு.
எட்டுக்கு மேல் கொடுத்ததையெல்லாம்
வாங்கிக்கொண்டேன் என்று தலையாட்டிவிட்டு
பழசின் மேலேயே எழுதிக்கொண்டிருந்திருக்கிறது, திருட்டுப் பயல்.
தெய்ஞ்ஜீ சந்தையில் வாங்கியிருப்பான்.
இல்லை, அவன் எங்கே போனான்.
அவன் அம்மா வாங்கியிருப்பாள்,
நூற்று இருபத்தெட்டுக்கான விலை கொடுத்து.

என் போனிலிருந்த கார்டைக் கழற்றினேன்.
பேக்கப் எடுக்காமல் எதையும் தொடமாட்டேன்,
பன்னிரண்டு நாற்பது, பேட்டரி முப்பத்தொன்று,
இருந்தாலும் எடுத்தேன். பிறகு ஏற்றினேன்.
லோகோ.
மெனு.

சீட்டு அனுப்பினேன் மேலே: "ஏறிவிட்டது."
பதில் இறங்கியது:
"சீரியல் நம்பரை மறைக்க முடியுமா?
சர்வர் கேட்டா இப்படி ஒரு பெட்டியே இல்லைன்னு இருக்கணும்."

முடியும். அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி.
பூஜ்யத்தை ஒன்றாக்கிச் சேமித்தேன்.
அந்த ஒன்றைத் தட்டிவிட்டு விரலை எடுக்காமல்
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
இவ்வளவுதானா என்று இருந்தது.

கரண்ட் போயிற்று. தெருவில் ஜெனரேட்டர்கள் தொடங்கின.
பையைக் கிளிப்பில் மாட்டிக் கயிற்றை இழுத்தேன்,
மேலே மணி அடித்தது.
இரண்டாம் மாடி லுங்கிகளில் உரசி
நான்காம் மாடி ஏசிப் பெட்டியில் ஒருமுறை சிக்கி
ஏறிப் போயிற்று.
கம்பிக்கு வெளியே ஒரு கை வந்தது, மணிக்கட்டு வரைக்கும்.

பத்து நிமிஷத்தில் ஐயாயிரம் சாட் இறங்கியது,
கூடவே இன்னொரு சீட்டு:
"அண்ணே, எல்லாம் ஓடுது. சத்தம்தான் வரல."

பின்பக்கம் எழுதி அனுப்பினேன்:
பொத்தான் மேல் விளிம்பில் இருக்கிறது.
நீயே குறைத்து வைத்ததுதான்.