பதினாறு அங்கி

செவ்வாயும் வெள்ளியும் நான்கு முதல் எட்டு வரை
என்று கதவில் ஒட்டியிருக்கிறது.
மூன்றரைக்கே வந்து நின்றுவிடுகிறார்கள்.
வினிபெக், செல்கர்க் அவென்யூ,
முன்பு செருப்புக்கடையாக இருந்த இடம்.
சுவரில் இன்னும் அளவு எண்கள்:
ஆறு, ஆறரை, ஏழு.
முன்னறையில் சூப், பல் வைத்தியர், வக்கீல்.
எனக்குப் பின்னறை.
இரண்டு சலவை இயந்திரம், ஒரு உலர்த்தி.
உலர்த்தி வலப்பக்கம் உதைத்தால்தான் ஓடும்.

துணி போட, பலகையில் பெயர் எழுத வேண்டும்.
எந்தப் பெயர் என்று நாங்கள் கேட்பதில்லை.
போன வாரம் டெரன்ஸ் என்று எழுதிய கை
இந்த வாரம் ஜூனிப்பர் என்று எழுதுகிறது.
அதே சாய்ந்த எழுத்து,
முடிவில் மட்டும் ஒரு தயக்கம்.
"நல்லா இருக்கா?"
"பலகை நிறைஞ்சிருக்கு" என்றேன்.
அதைவிட நல்ல பதில்
வீட்டுக்குப் போகும் வழியில்தான் தோன்றியது.

ஒரே ஒரு உடுப்பு உள்ளவர்
அதையும் துவைக்கப் போட்டுவிட்டால்
எதை உடுத்திக்கொண்டு காத்திருப்பது?
எந்தப் படிவத்திலும் இந்தக் கேள்வி இல்லை.
இழுத்து மூடிய ஓட்டல் ஒன்று
பதினாறு குளியலங்கி அனுப்பியது.
வெள்ளை, நல்ல கனம்,
மார்பில் தங்க நூலில் கிரீடம்.
அதனால் ஐந்து மணிக்கு எங்கள் முன்னறை ராஜசபை.
கிரீடம் தைத்த ஆறு பேர்
முட்டி தெரிய உட்கார்ந்து
சீட்டாட்டத்தில் ஒருவரையொருவர் ஏமாற்றுகிறார்கள்.

டெல்ஃபின் சீட்டைக் கலைத்தபடியே சொல்கிறாள்:
"நான் ஒரு பொண்ணைக் காதலிக்கிறேன்னு
அப்பாவுக்குத் தெரிஞ்சது திங்கட்கிழமை.
என் சாமானையெல்லாம் கறுப்புப் பையில கட்டி
வாசல்ல வெச்சார்.
செவ்வாய் குப்பைவண்டி வர்ற நாள்.
நல்லவேளை, வண்டிய நான் முந்திட்டேன்."
எல்லோரும் சிரித்தார்கள்.
அவள் சிரிப்பு முதலில் நின்றது.

ஓசிப்புக்கு நகரத்துப் பேருந்தெல்லாம் அத்துப்படி.
எதில் எந்த இருக்கைக்கு அடியில் சூடு வரும்,
எந்த ஓட்டுநர் கடைசி நிறுத்தத்தில் எழுப்பமாட்டார்,
எவர் எழுப்பி மன்னிப்புக் கேட்பார்.
பத்தொன்பது வயது.
உள்ளங்கையில் பேனாவால் நேர அட்டவணை.
கை கழுவச் சொன்னால் யோசிக்கிறான்.

நிதி தருகிறவர்கள் வந்திருந்தார்கள்.
"இங்கே அளக்கக்கூடிய விளைவு என்ன?"
நான் எழுதிக் கொடுத்தேன்:
துவைத்த காலுறை நாற்பத்தொரு ஜோடி.
ஒற்றையாக ஏழு.
எட்டு மணிக்குப் பிறகு எங்கே போகிறார்கள் என்று
அவர்கள் கேட்கவில்லை.
கேட்காமல் விட்டதில் எனக்கும் ஒரு நிம்மதி;
அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஏழரைக்கு உலர்த்தியை நிறுத்துவது விதி.
ஏழு நாற்பதுக்கு ஜூனிப்பர் கோட்டோடு வந்தாள்.
தொட்டுப் பார்த்தேன்.
"இது காஞ்சுதானே இருக்கு?"
"தெரியும்."
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வலப்பக்கம் உதைத்தேன்.
அவளுக்குப் பின்னால் ஒரு வரிசை,
எல்லோர் கையிலும் காய்ந்த கோட்டு.

ஓசிப் கணக்கு வைத்திருக்கிறான்:
அந்தச் சூடு ரயில் பாலம் வரை வரும்,
காற்றடித்தால் அதற்கும் முன்னாலேயே போய்விடும்.
ஒருவர் பின் ஒருவராக, பொத்தானைப் பிடித்தபடி,
சூடு சிந்திவிடக் கூடாது என்பதுபோல்
கதவைத் தாண்டினார்கள்.
யாரும் ஓடவில்லை.
எட்டு அடித்தது. பூட்டியது நான்தான்.

பலகையைத் துடைத்தேன்.
மேசைமேல் நாற்காலிகளைக் கவிழ்த்தேன்.
அங்கிகளை மடித்து எண்ணினால் பதினைந்து.
திரும்ப எண்ணினேன்,
இயந்திரத்துக்குள் பார்த்தேன்,
சூப் மேசைக்கு அடியிலும்.
பதினைந்து.

ஏதோ ஒரு கோட்டுக்குள்ளே
ஒரு கிரீடம் பாலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்.

பொருட்பதிவேட்டில் பதினாறு என்றே எழுதினேன்.