கண்ணிக் கணக்கு

பெர்மெட் ஊரில்
கடவுள் இல்லை என்று சட்டம் வந்தபோது
நான் பிறந்திருக்கவில்லை.
பிறந்து விவரம் தெரிந்தபோது
தேவாலயம் உரக்கிடங்காக இருந்தது.
மழைநாளில் அந்தப் பக்கம் போனால்
யூரியா நெடி கண்ணைக் கரிக்கும்.
உள்ளே சுவரில் புனிதர்கள் இருந்தார்களாம்.
சுண்ணாம்புக்கு அடியில்.

பொலிக்ஸெனிப் பாட்டி
எங்களுக்கு எதையும் போதித்ததில்லை.
மண்டியிட்டு நான் பார்த்ததில்லை,
சிலுவை இட்டும் பார்த்ததில்லை.
காலுறை பின்னுவாள்.
அண்ணன் ஆகிமுக்கு, எனக்கு,
கூட்டுறவுப் பண்ணையில் ஆடு மேய்க்கிறவர்களுக்கு,
ஒருமுறை
எங்களை வேவு பார்க்க வந்த பக்கத்துவீட்டுக்காரருக்கும்.

பின்னும்போது உதடு அசையும்.
கீரியே எலேசோன்
கீரியே எலேசோன்
கீரியே எலேசோன்
திருப்பு.

"என்னது அது?"
"கண்ணி எண்ணுறேன். தவறவிட்டுடாதே."

எல்லையை அடைப்பதற்கு முன்
யானினாவில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்தவள்.
கிரேக்க எண்கள் என்று நினைத்துக்கொண்டேன்.
எனக்கும் அப்படியே எண்ணக் கற்றுத் தந்தாள்.
மூன்றுக்கு மேல் போகாத கணக்கு.
அந்தக் கணக்கில் நான் பின்னிய காலுறை எதுவும்
குதிகாலில் கோணியதில்லை.

அம்மா பள்ளி ஆசிரியை.
வசந்தத்தில் ஒரு திங்கட்கிழமை,
ஏன் என்று சொல்லாமல்,
எல்லாரையும் கை நீட்டச் சொல்வாள்.
நகக்கண்ணில் சிவப்பு இருக்கிறதா பார்க்கவேண்டும்.
மேலிடத்து உத்தரவு.

முந்தின நாள் நள்ளிரவில்
எங்கள் அடுப்பில் முட்டைகள் வெந்திருக்கும்,
வெங்காயத் தோலோடும் ஏதோ ஒரு வேரோடும்.
விடியுமுன் தின்றுவிட வேண்டும்.
ஓடுகள் நெருப்புக்குள்.
குளிர்காலம் முழுக்க வெங்காயத் தோல்
எங்கே போகிறது என்று
மருமகள் மாமியாரைக் கேட்டதில்லை.
பள்ளிக்குக் கிளம்பும்முன் மட்டும்
என்னைத் தொட்டியருகே இழுத்து
ஒவ்வொரு விரலாக
வினிகரில் தேய்ப்பாள், தோல் எரிய எரிய.

வரிசையில் நிற்போம்.
அம்மா ஒவ்வொரு கையாகக் குனிந்து பார்ப்பாள்.
வகுப்பு முழுக்க வினிகர் நெடி.
"அனைவரும் சுத்தம்" என்று
பதிவேட்டில் எழுதுவாள்.

எண்பத்தைந்து ஜனவரியில் பாட்டி போனாள்.
குழிமேட்டில் பண்ணைத் தலைவர்
உற்பத்தியைப் பற்றிப் பேசினார்.
ஊசியில் பாதிக் காலுறை மிச்சமிருந்தது.
அம்மாவுக்குப் பின்னத் தெரியாது.
என் மடியில் கொண்டுவந்து போட்டாள்.
"முடிச்சுடு. அவங்க எண்ணுற மாதிரியே எண்ணு."
அப்போது நான் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.
பார்க்கவில்லை.

பிறகு மூட்டைகள் வெளியே போயின.
கொர்ச்சாவிலிருந்து
பல் இல்லாத ஒரு பாதிரியார் வந்தார்.
ஈரச் சுவர், நூறு மெழுகுவர்த்தி.
அவர் வாய் திறந்தார்:
கீரியே எலேசோன்.
நான் ஆகிமின் விலாவில் இடித்தேன்.
இவர் எதற்குக் கண்ணி எண்ணுகிறார்?
அவன் அழுதுகொண்டிருந்தான்.
எனக்கோ சிரிப்பு.
என் விரல்கள் தாமாகவே
இல்லாத நூலைச் சுற்றிக்கொண்டிருந்தன.

அம்மா உள்ளே வரவில்லை.
எல்லாருடைய குடைகளையும்
கையில் பிடித்துக்கொண்டு
வாசலில் நின்றாள், கடைசிவரை.

ஆகிமின் பையன் இப்போது பீடத்தில் தூபம் பிடிக்கிறான்.
நான் நம்புகிறேனா என்று கேட்டால்
பேச்சை மாற்றிவிடுவேன்.
ஆனால் அம்மாவை வாதம் தாக்கிய இரவில்
ஆஸ்பத்திரி பெஞ்சில்
விடியும்வரை
மூன்று மூன்றாக எண்ணினேன்.

பிழைத்தாள்.
இன்றைக்கு எது என்பது மட்டும்
அவளுக்கு நழுவிவிடும்.
போன ஈஸ்டருக்கு மறுநாள்
கொள்ளுப்பேத்தி சிவந்த கையோடு
முட்டை உடைத்துத் தின்றபடி வந்தாள்.
அம்மா தடுமாறி எழுந்து
அலமாரியைத் துழாவினாள்.

"இப்ப வேண்டாம்மா. யாரும் பாக்க மாட்டாங்க."

"பாப்பாங்க" என்றாள்.
குழந்தையின் விரலைப் பிடித்து
மெதுவாகத் தேய்க்கத் தொடங்கினாள்.
உதடு அசைந்தது.